யாழ்ப்பாணத்தில் பழைய திருவிசை: பாடகர் குழாம் தொடங்க நினைக்கும் ஒரு தம்பிக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்தில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து, கிரகோரியன் பாடல் (எல்லாரும் ஒரே குரல்வரியில் பாடும் பழைய இலத்தீன் கோயில் பாட்டு), 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையாளர் பலெஸ்த்ரீனா காலத்துப் பல்குரல் இசை போன்ற பழைய திருவிசையை மட்டுமே பாடுகிற குழாம் ஒன்றைத் தொடங்க நினைக்கிறார்கள். இங்கே முன்பு அப்படி ஏதும் இருந்ததா, வெளிநாடுகளில் இத்தகைய குழாம்கள் எப்படி வந்தன, எதில் தொடங்குவது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, என் சின்ன வயதில் இங்கே பழைய இசைக்கென்று தனிக் குழாம் இருக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஞாயிறு காலைப் பூசையில் பாடியதே அதுதான். யாரும் அதைப் பழைய இசை என்று சொல்லவில்லை. பூசைப் பாட்டு என்றார்கள். பழைய இசையை மட்டும் பாடும் குழாம் என்ற யோசனை எந்த நாட்டிலும் பாட்டு அறுந்துபோன பிறகுதான் வந்திருக்கிறது. அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தால் எங்கே முடிச்சுப் போடுவது என்பதும் தெரியும். ஆகவே வெளிநாட்டுக் கதையை முதலில் சொல்லிவிட்டு ஊருக்கு வருகிறேன்.

1791இல் பெர்லினில் ஃபாஷ் என்ற இசைக்கலைஞர் சிங்-அகாதெமி என்ற பாடகர் சங்கத்தைத் தொடங்கினார். தொழில்முறைப் பாடகர்கள் அல்ல, ஊர் மக்கள்தான். பழைய கோயில் இசையைத் தங்களுக்காகவே பாடிப் பார்க்க வாரந்தோறும் கூடினார்கள். அந்தச் சங்கத்தை வைத்துத்தான் 1829 மார்ச் 11இல், 20 வயது மெண்டல்சோன், யோகான் செபஸ்தியான் பாஹ்வின் மத்தேயு திருப்பாடுகள் இசையை மறுபடி அரங்கேற்றினார். பாஹ் இறந்து 79 வருடம் ஆகியிருந்தது. இன்று அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம், ஆனால் அவர் இறந்தபின் அதுவரை அந்தப் பெரிய படைப்பு பொதுமக்கள் காதில் விழாமலே கிடந்தது.

கிரகோரியன் பாடலின் கதை வேறு. பிரெஞ்சுப் புரட்சியில் துறவு மடங்கள் மூடப்பட்டன. 1833இல் சொலெம் என்ற கிராமத்து மடத்தைக் கெரஞ்சே என்ற துறவி மறுபடி திறந்தார். அந்தக் காலத்தில் கோயில்களில் பாடிய கிரகோரியன் பாடல், ஒவ்வொரு சுரத்தையும் உலக்கையால் குத்துவதுபோல் இழுத்துப் பாடும் நிலைக்கு வந்திருந்தது. சொலெம் துறவிகள் ஐரோப்பா முழுவதும் அலைந்து பழைய ஏட்டுச் சுவடிகளைப் பிரதி எடுத்தார்கள். பின்னர் புகைப்படமும் எடுத்து, 1889 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். ஒரே ஒரு பாடலை எடுத்து, இருநூறுக்கு மேற்பட்ட சுவடிகளில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். எங்கள் சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் பார்ப்பது போன்ற வேலைதான், சொல்லுக்குப் பதில் சுரம்.

அதற்குள் பாரிசில் சார்ல் போர்த் என்பவர் 1892இல் சேன்-ஜெர்வே கோயிலின் பாடகர்களை வைத்துப் புனித வாரத்தில் பலெஸ்த்ரீனா போன்றவர்களின் இசையைப் பாடவைத்தார். ஊரே திரண்டது. இரண்டு வருடத்தில் ஸ்கோலா காந்தோரும் என்ற சங்கம் உருவாகிற்று. 1903 நவம்பர் 22இல் பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் கிரகோரியன் பாடலைத் திருவழிபாட்டின் உயர்ந்த மாதிரியாக அறிவித்தார். பலெஸ்த்ரீனா மரபுப் பல்குரல் இசைக்கு அடுத்த இடம் தந்தார். அதே அறிக்கையில் பெண்கள் கோயில் பாடகர் குழாமில் சேரக்கூடாது என்றும் இருந்தது. 1955இல்தான் அது தளர்ந்தது. இன்று எங்கள் கோயில்களில் குழாம் என்றாலே முக்கால்வாசி பெண்பிள்ளைகள். அவர்கள் வராவிட்டால் அந்த ஞாயிறு பாட்டே இல்லை.

நீங்கள் கேட்கிற மாதிரியான இன்றைய குழாமுக்கு நல்ல உதாரணம் தாலிஸ் ஸ்காலர்ஸ். 1973இல் பீற்றர் பிலிப்ஸ் என்ற ஒக்ஸ்போட் மாணவர் தொடங்கியது. பெரும்பாலும் பத்துப் பேர், ஒரு குரல்வரிக்கு இரண்டு பேர், வாத்தியம் கிடையாது. இந்தப் பத்து என்ற எண்ணை மனதில் வையுங்கள். பழைய பல்குரல் இசைக்குப் பெருங்கூட்டம் தேவையில்லை. கூட்டம் கூடினால் கெட்டுப்போகும்.

தொலைந்த இசையைத் தேடிப் பிடிப்பது வெள்ளைக்காரர் பழக்கம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். திருமுறைகண்ட புராணம் என்ன சொல்கிறது? இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் பூட்டிய அறையைத் திறந்து, கறையான் அரித்ததுபோக மிஞ்சிய தேவார ஏடுகளை எடுத்தார்கள். சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. கடைசியில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் திருவெருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர் பாடக் கேட்டுப் பண் வகுத்தார்கள். ஏட்டில் இல்லாதது ஒரு பெண்ணின் வாயில் இருந்தது. இந்தக் காட்சியை நான் பிறகும் எடுப்பேன். விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்தின் வரிகளையும் கணக்கையும் வைத்துப் பழைய யாழை மறுபடி உருவாக்க முயன்று, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். சொலெம் துறவிகள் செய்த வேலையைக் காரைதீவில் பிறந்த ஒரு துறவி தனியாளாகச் செய்தார் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, ஊருக்கு வருவோம்.

யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் கையில் இருந்தது. பிரான்சிஸ்கன் குருமாரும் யேசுசபைக் குருமாரும் கோயில்கள் கட்டினார்கள். அவர்களுடைய இலத்தீன் பாட்டின் ஒலி காற்றோடு போய்விட்டது. சொற்கள் மட்டும் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டன. பாஸ்கு, நத்தார், குருசு, உட்காருகிற வாங்கு எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அந்த 39 வருடத்தில் லிஸ்பனில் யார் இசை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். பேராலயத்தில் துவார்த்தே லோபோ, கார்மேல் மடத்தில் மனுவேல் கார்தோசோ. இரண்டு பேருமே பலெஸ்த்ரீனா வழியில் வந்த பெரிய பல்குரல் இசையாளர்கள். கார்தோசோவின் மரித்தோர் பூசை இசை 1625இல் அச்சானது. யாழ்ப்பாணம் பிடிபட்டு ஆறு வருடம். லோபோ 1646இலும் கார்தோசோ 1650இலும் இறந்தார்கள். அவர்களுடைய பாடல் இங்கே பாடப்பட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய இசைக் குழாம் முதல் கச்சேரி வைப்பதென்றால், 1619-1658 என்று தலைப்பிட்டு இந்த இரண்டு பேரையும் பாடினால் அதற்கு ஊர்க் காரணம் இருக்கும். லண்டன் குழாமைப் பார்த்துச் செய்ததாக இருக்காது.

ஒரு துணுக்கு. 1640இல் போர்த்துக்கல்லின் அரசரான நான்காம் யோவான் இசை எழுதத் தெரிந்தவர். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய இசை நூலகங்களில் ஒன்றைச் சேர்த்தார். 1755 லிஸ்பன் பூகம்பத்தில் அது முழுதும் அழிந்தது. 1649இல் அச்சிட்ட பட்டியலின் ஒரு பகுதிதான் மிச்சம். பட்டியலில் பெயர் இருக்கும், பாட்டு இருக்காது. 1981இல் எங்கள் நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை மேலே விளக்கத் தேவையில்லை.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. முதல் அறுவை அங்கேதான். ஆனால் ஒல்லாந்தரும் வெறுங்கையோடு வரவில்லை. கல்வின் என்ற சீர்திருத்தவாதியின் வழிச் சபையில் விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்துப் பாடல்களைத்தான் பாடுவார்கள். அந்த மெட்டுகள் 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் தொகுத்தவை, 1562இல் முழுமையானவை. 1566இல் வந்த, டாதேன் என்பவரின் டச்சு மொழிபெயர்ப்பை ஒல்லாந்தர் 1773 வரை பாடினார்கள். கோட்டைக்குள் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய பெரிய கோயிலிலும் ஒலித்தவை இந்த மெட்டுகள்தான். இவற்றில் ஒன்று உங்களுக்கே தெரியும். வட்டுக்கோட்டையிலோ உடுவிலிலோ சுண்டுக்குழியிலோ ஆராதனைக்குப் போனவர்கள் பிதா, சுதன், ஆவிக்குத் துதி சொல்லி எழுந்து நின்று பாடும் அந்த நீட்டு மெட்டு, 1551 ஜெனீவாப் பதிப்பில் வந்தது. லூயி பூர்ஷுவா அமைத்தது என்பார்கள். ஒல்லாந்தரோடு ஒருமுறை கோட்டைக்குள் வந்தது, ஆங்கில, அமெரிக்க மிசனரிமாரோடு 19ஆம் நூற்றாண்டில் மறுபடி வந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் வாரந்தோறும் பாடப்படுகிற பழைய ஐரோப்பிய இசை எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். கத்தோலிக்கப் பிள்ளைகள் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடாது.

கத்தோலிக்கப் பக்கம் என்ன நடந்தது? குருமார் இல்லை, கோயில் இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் முனிவர் பிச்சைக்காரர்போல் வேடமிட்டு வந்து, சில்லாலையில் தங்கி இரவில் பூசை வைத்தார். 2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. இரவுப் பூசையில் குரலெடுத்துப் பாட முடியாது என்பதை நீங்களே ஊகிக்கலாம். அவருக்குப் பிறகு 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ். இவரும் கோவாக்காரர். கோவாவில் கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடங்களில் எழுத்தோடு இசையும் கற்பிப்பார்கள். அந்தச் சூழலில் வளர்ந்தவர் தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் எழுதித் தள்ளினார். தமிழில் அவர் தந்த வியாகுலப் பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியது. பெயரில்தான் பிரசங்கம். தவக்காலத்தில் அதைப் படிப்பதில்லை, இராகமெடுத்து இசைப்பார்கள்.

நீங்கள் கேட்டிருக்காவிட்டால் இந்தத் தவக்காலத்தில் போய்க் கேளுங்கள். ஒருவர் நீட்டி எடுப்பார். ஒரே சுரத்தில் பல சொற்கள் ஓடும், மூச்சு முடிகிற இடத்தில் குரல் ஒரு படி இறங்கும், அப்புறம் அடுத்த வரி. தாளம் இல்லை. இலத்தீன் சங்கீதம் பாடுகிற முறையும் இதேதான்: ஒரு நிலைச்சுரம், நடுவில் ஒரு நிறுத்தம், முடிவில் ஓர் இறக்கம். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கள் ஒப்பாரிக்கும் விருத்தத்துக்கும் இந்த நடை உண்டு. கோவாவிலிருந்து வந்த காதும் இங்கே இருந்த வாயும் சந்தித்த இடம் என்று வேண்டுமானால் சொல்லலாம். முக்கியமானது வேறு. கோயில்கள் பறிபோன காலத்தில் எழுதிய இந்தப் பாட்டு, கோயில் திரும்பிக் கிடைத்த பிறகும் குருமாரை நம்பி இருக்கவில்லை. மூப்பரும் ஊர்ச் சனமும் வைத்துக் காத்தது அது.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806இல் கத்தோலிக்கர்மீது இருந்த தடைகள் நீங்கின. 1814இல் மெதடிஸ்த சபையார், 1816இல் அமெரிக்கர், 1818இல் நல்லூருக்குத் திருச்சபை மிசனரிமார் என்று வரிசையாக வந்தார்கள். அவர்களோடு நான்குகுரல் கீதங்கள் வந்தன. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் கடல் தாண்டி வந்தன. புரட்டஸ்தாந்துத் தமிழில் இன்றும் மேல்நாட்டு மெட்டில் இருப்பது ஞானப்பாட்டு, கர்நாடக மெட்டில் இருப்பது கீர்த்தனை என்ற பாகுபாடு உண்டு. அதைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

1847இல் ஒப்லேத் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருமார் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் பிரெஞ்சுக்காரர். 1862இல் போர்தோவிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் வந்து மடமும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். இந்தக் காலத்தைக் கவனியுங்கள். பிரான்சில் சொலெம் மடம் கிரகோரியன் பாடலைத் தூசு தட்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் பிரெஞ்சுக் குருமார் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் பாட்டுக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே எங்கள் ஊர் இலத்தீன் பாட்டு ஏதோ மூலையில் உறைந்து கிடந்த பழம்பொருள் இல்லை. பிரான்சில் நடந்த புதுப்பித்தலின் அலை கொஞ்சம் பிந்தி இங்கேயும் அடித்தது.

என் ஐயா அந்தக் குழாமில் பாடியவர். அவருடைய கொப்பி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீல மட்டை, நாற்பது தாள். இலத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருப்பார். கீழே சுரம் இல்லை, கோடு இல்லை. எழுத்துக்கு மேலே பென்சிலால் ஏறுகோடு, இறங்குகோடு, நீட்ட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். பல வருடம் கழித்து 10ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றின் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடு போட்டு எழுதும் முறை வருவதற்கு முன்பு ஐரோப்பியத் துறவிகளும் சொல்லுக்கு மேலே இப்படித்தான் கீறி வைத்தார்கள். மெட்டு ஏற்கெனவே தெரிந்தவனுக்கு ஞாபகப்படுத்த மட்டுமே அது உதவும். ஐயாவுக்கு அந்தத் துறவிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேவை ஒன்றாக இருந்தால் கை ஒரே மாதிரித்தான் கீறும்போல.

தமிழ் எழுத்தில் இலத்தீன் எழுதுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. பெனெதிக்துஸ் என்று எழுதினால் முதல் எழுத்தை எப்படி ஒலிப்பது என்று எழுத்து சொல்லாது. பெடியன்கள் பெரிதுக்கு வருகிற பெ போட்டுப் பாடுவார்கள். பிரெஞ்சுக் குருவானவருக்குக் காது கூசும். ஐயா அந்த எழுத்துகளுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு கீறி வைத்திருந்தார். கீரியே எலெயிசோன் மட்டும் யாருக்கும் பிழைத்ததில்லை. அது இலத்தீனே அல்ல, கிரேக்கம் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது.

புனித வாரத்து இருள் வழிபாட்டைப் பற்றி ஐயா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். முக்கோணச் சட்டத்தில் 15 மெழுகுதிரிகள். ஒவ்வொரு சங்கீதம் முடியவும் ஒன்றை அணைப்பார்கள். எரேமியாவின் புலம்பலை ஆலெப், பேத், கீமெல் என்று எபிரேய எழுத்துகளையும் சேர்த்தே பாடுவார்கள். எழுத்தின் பெயருக்கு இவ்வளவு அழகான இராகமா என்று ஐயா வியப்பார். கடைசியில் ஒரு திரி மட்டும் எரியும். அதையும் மறைத்தபின் இருட்டில் எல்லாரும் புத்தகத்தால் வாங்கில் தட்டிச் சத்தம் எழுப்புவார்கள், கிறிஸ்து இறந்தபோது பூமி அதிர்ந்ததன் அடையாளமாக. பெடியன்கள் வருடம் முழுவதும் காத்திருந்தது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். 1955இல் புனித வார ஒழுங்குகள் மாறியபோது அந்த மாலை வழிபாடு பெரும்பாலும் நின்றுபோனது.

இரண்டாவது அறுவை 1960களில். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. தாய்மொழிக்கு வழி திறந்தது. அதே ஏட்டின் 116ஆம் பிரிவு கிரகோரியன் பாடலுக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பிரிவை வாசித்தவர் குறைவு. எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. ஒரு தவக்காலத்தில் இலத்தீன் இருந்தது, அப்புறம் இல்லை. அவ்வளவு வேகம்.

தமிழில் பாடத் தொடங்கியது பிழை என்று சொல்பவன் நானில்லை. மிருதங்கமும் வயலினும் கோயிலுக்குள் வந்தன, அம்மாவுக்குப் பூசை விளங்கியது. 1965இல் மரிய சேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கித் திருப்பாடுகளின் நாடகத்தை ஊர் விழாவாக்கினார். இசைக்கும் கூத்துக்கும் அது செய்தது பெரிய வேலை. என் கோபம் வேறு. புதியது வந்ததும் பழையதைக் குப்பை என்று நினைத்தார்களே, அதுதான். ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், அலுமாரி நிறைய இருந்த நான்குகோட்டுச் சதுரச் சுரப் புத்தகங்களை முற்றத்தில் போட்டு எரித்ததை நானே பார்த்தேன். தடித்த தாள், எரிய நேரமெடுத்தது. எரித்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. இனி யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டார்கள், பதில் சொல்ல யாரும் இருக்கவில்லை.

மூன்றாவது அறுவையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கோட்டைக்குள் இருந்த 1706ஆம் ஆண்டுக் கோயில் போரில் இடிந்து கற்குவியலாயிற்று. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயத்திலும் 1995 யூலையில் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் குண்டு விழுந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனமே ஊரை விட்டு எழுந்து நடந்தது. ஐயாவின் கொப்பி வீட்டு அலுமாரியில் கிடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கறையான் மட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தது.

ஆனால் பாட்டு போகவில்லை. என் சின்னம்மா, எண்பது தாண்டியவர், செபமாலை முடிவில் சால்வே ரெஜினாவை முழுதாகப் பாடுவார். ஒரு நாள் கைப்பேசியில் பதிந்துகொண்டு வீட்டுக்கு வந்து அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஒரு சுரம்கூடப் பிழையில்லை. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில்தான் எல்லாம். ப விலிருந்து த வுக்கு அவர் தாவவில்லை, வழுக்கிக்கொண்டு போனார், ஒப்பாரியில் குரல் போவதுபோல. சொலெம் துறவி கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. அறுபது வருடம் தமிழ் வாயில் ஊறிய இலத்தீன் அப்படித்தான் இருக்கும். திருவெருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் பண்ணிலும் அவளுடைய காலத்து வழுக்கல் இருந்திருக்காதா என்ன?

இதனால்தான் உங்கள் குழாமின் முதல் வேலை பாடுவதில்லை என்று சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் பதிவு செய்யுங்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறை, சில்லாலை, இளவாலை என்று போய் எழுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். இலத்தீன் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்பார்கள். அந்தக் காலத்தில் நற்கருணை ஆசீர் நேரம் என்ன பாடுவீர்கள் என்று கேளுங்கள், தாந்தும் ஏர்கோ தானாக வரும். ஆண்கள் கூச்சப்படுவார்கள், பெண்களிடம் முதலில் போங்கள்.

பதிவு செய்யும்போது ஒன்றைத் தெரிந்திருங்கள். பெரியவர்கள் அதிகம் நினைவில் வைத்திருப்பவை கிரகோரியன் பாடல்களில் வயதில் இளையவை. கிரகோரியன் புத்தகத்தில் தேவதூதர் பூசை என்று சொல்லும் எட்டாம் பூசைப் பாட்டுத் தொகுதியின் கீரியே 15, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் மெட்டு 17ஆம் நூற்றாண்டு. சால்வே ரெஜினாவின் எளிய மெட்டு ஆன்றி துய்மோன் என்ற 17ஆம் நூற்றாண்டு இசையாளருடையது என்பார்கள். ஏன் இவைதான் நின்றன? எல்லாம் சங்கராபரணச் சாயல். காதுக்கு இலகு. சால்வே ரெஜினாவின் தொடக்கத்தைப் பாடிப் பாருங்கள்: ச க ப த ப. மோகனம் மாதிரித் தொடங்கிப் பிறகு மத்திமம் வந்து சங்கராபரணம் ஆகும். உண்மையில் பழைய மெட்டு வேண்டுமென்றால் வேறு பக்கம் போக வேண்டும். மரித்தோர் பூசையில் இருந்த தீயேஸ் ஈரே கரகரப்பிரியாச் சுரங்களில் நடக்கும். பாஞ்சே லிங்குவாவின் மெட்டு தோடியின் சுரங்களில் நிற்கும், ஆனால் தோடியின் கமகம் ஒன்றும் இருக்காது. தோடிச் சுரத்தை அசைக்காமல் பாடுவது சங்கீதம் படித்த பிள்ளைகளுக்கு எவ்வளவு கடினம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

மறுபக்கம், உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஓதுவார் மரபில் தாளமில்லாமல் பண்ணை மட்டும் வைத்துப் பாடுவதைச் சுத்தாங்கம் என்பார்கள். கிரகோரியன் பாடல் முழுக்கச் சுத்தாங்கம்தான். தாளத்தில் ஊறிய ஐரோப்பியக் குழாம்கள் இந்தச் சுதந்திர நடையைப் பழக மாதக்கணக்கில் பாடுபடுகின்றன. உங்கள் குழாமில் சைவப் பிள்ளைகள் இருந்தால், கோயிலில் பஞ்சபுராணம் ஓதிப் பழகியவர்கள், அவர்களை முன்வரிசையில் நிறுத்துங்கள். சொல்லின் மூச்சைப் பிடித்துப் பாடத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இரு பக்கமாகப் பிரிந்து மாறி மாறிப் பாடும் முறையையும் புதிதாகப் பழக்கத் தேவையில்லை. செபமாலை சொல்லும்போது ஒரு பக்கம் தொடங்க மறுபக்கம் முடிக்கிறதே, அதே ஒழுங்கு.

பல்குரல் இசைக்கு அவசரப்படாதீர்கள். ஆறு மாதம் ஒரே குரலில் பாடுங்கள். அப்புறம் ஒருவர் சுருதியைப் பிடிக்க மற்றவர்கள் மேலே பாடட்டும்; பிறகு ஐந்தாம் சுரத்தில் இணையாக ஒரு வரி. 9ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் பல்குரல் இசை தொடங்குவதே இந்த இடத்தில்தான். சட்ச பஞ்சமம் காதில் ஊறிய எங்களுக்கு அது இரண்டு நாள் வேலை. பலெஸ்த்ரீனாவின் நான்குகுரல் பாடல் ஒன்றையும் அதற்கு மேல் கார்தோசோவையும் இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். கார்தோசோவின் மரித்தோர் பூசைக்கு ஆறு குரல்வரி வேண்டும், அதற்குக் கீழ்க்குரல் ஆண்கள் வேண்டும். இங்கே அதுதான் தட்டுப்பாடு; பாதிப் பேர் ரொறன்ரோவில் பாடுகிறார்கள்.

எலெக்ரிக் கீபோட்டைப் பயிற்சிக்குக் கொண்டுவராதீர்கள். அதன் காந்தாரம் சமப்படுத்திய காந்தாரம். வாத்தியமில்லாமல் பாடும்போது குரல் தேடிப்போகிற காந்தாரம் அதைவிடச் சற்றுக் கீழே இருக்கும். இரண்டும் மோதும், பிள்ளைகள் தங்கள் காதை நம்பாமல் விடுவார்கள். சுருதிப் பெட்டி போதும். என்னிடம் துருத்தி வைத்த பழையது ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லாத வருடங்களில் இடம்பெயர்ந்த இடமெல்லாம் சுமந்தது, ஒரு நாக்கு மட்டும் கொஞ்சம் கரகரக்கும். மழைக்கு முன் ஒரு பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். சின்னம்மாவையும் அப்படியே கேட்டுவிட்டுப் போகலாம், ஆறு மணிக்குச் செபமாலை தொடங்குவார்.